எண்பது லிட்டர் டீசலும் இருபது லிட்டர் தண்ணீரும்

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாக வரைந்திருக்கிறாய். பிக்கப் வண்டியின் முதுகில் நீ கட்டியிருக்கும் அந்தப் பெட்டி வீடு, அதற்குள் கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை, எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருக்கிறாய். டீசல் கேன்களுக்குச் சிவப்பு, தண்ணீர்க் கேனுக்கு நீலம். கூடவே ஒரு குரல் செய்தி: "அம்மா, நீ வாட்டர் எஞ்சினியராக்கும். எக்ஸ்ட்ரா டீசலும் வெள்ளமும் எங்கே வெச்சா பேலன்ஸ் ஆகும்னு ஒரு தடவை பாத்துச் சொல்லு, கேட்டோ. மண்டே கிளம்பணும்." தண்ணீர் என்று உன் வாயில் வராது, மலையாளத்து வெள்ளம்தான். கரமனையில் பட்டறைக்காரன் வெல்டிங்கை ஆரம்பிக்காமல் என் பதிலுக்காகக் காத்திருப்பதாகவும் சொன்னாய். கேட்டாய், சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியில் "ஓகேம்மா, ஓகேம்மா" என்று வெட்டிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். கல்யாணமாகி முதல்முதலாக வித்யாவைக் கூட்டிக்கொண்டு லடாக் வரை போகிற பிள்ளைக்கு அம்மா ஆசீர்வாதம் எழுதுவாள் என்று நீ எதிர்பார்த்தால், அது உன் அத்தைக்கு நன்றாக வரும். அவளிடம் வாங்கிக்கொள். என்னிடம் இருப்பது வேறு.

முதலில் எடை. வண்டியின் சொந்த டாங்கி போக எண்பது லிட்டர் டீசல் தனியாகக் கொண்டுபோகிறாய். இரண்டு கேன் கூரையில், ஒன்று பின்கதவுக்கு வெளியே, நான்காவது கட்டிலுக்குக் கீழே. தண்ணீர் மொத்தமே இருபது லிட்டர். கூரையில் எடை ஏற்றினால் மலை வளைவில் வண்டி குடிகாரன் மாதிரி சாயும். பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிட்டால் முன் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. ஸ்டியரிங் உன் கையில் இருக்கும், வண்டி இருக்காது. பின்னால் வருகிறவன் லேசாக முட்டினாலே முதலில் நசுங்குவது டீசல் கேன். யூடியூபில் அப்படித்தான் வைத்திருக்கிறான் என்பாய். அவன் வீடியோ எடுத்து முடித்ததும் கேன்களை இறக்கி வைத்துவிடுவான். சுமந்துகொண்டு போகப்போகிறவன் நீ. அதுவும் திருவனந்தபுரத்திலிருந்தே! வழியெல்லாம் பங்க் இருக்கிற நாட்டில் இங்கேயே டீசலை நிரப்பிக்கொண்டு கிளம்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிற கதை. பங்க் இல்லாத நீண்ட ரோடு மலைமேல்தான் வரும். அதற்கு முந்தின ஊரில் நிரப்பிக்கொண்டால் போதும், அதுவரை கேன் காலியாக வரட்டும். இது உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் சுமக்கிறாய். ஏனென்று நான் சொல்லட்டுமா? டீசல் இருந்தால் எங்கேயும் நிறுத்த வேண்டாம். தண்ணீர் இருந்தால் குடிக்கிறவள் நிறுத்தச் சொல்வாள்.

படத்தில் நான் தேடியது இன்னொன்று. நீ முதலில் வரைந்த படத்தில், கட்டிலுக்குக் கீழே வலது மூலையில், ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகிற கழிப்பறைப் பெட்டி. வித்யா கேட்டு வாங்கவைத்தது. புதுப் படத்தில் அந்த இடத்தில் நான்காவது சிவப்பு உட்கார்ந்திருக்கிறது. உடனே போன் பண்ணினேன். "டாய்லெட் பெட்டி எங்கேடா?" என்று கேட்டேன். "அதை எடுத்தாச்சும்மா, வெயிட்டாக்கும். பங்க்கிலே போய்க்கலாமே" என்றாய். "ரெண்டு பேருக்கு இருபது லிட்டர் ஜலம் எப்படிடா போறும்?" என்றேன். சிரித்தாய். "வித்யா சமத்தும்மா. வண்டியிலே வெள்ளமே குடிக்க மாட்டா. செம அட்ஜஸ்டிங்." நல்ல மைலேஜ் தருகிற வண்டியைப் பற்றி ஒருவன் நண்பனிடம் சொல்வானே, அந்தக் குரல். போனை வைத்தேன். உன்னைப் பெற்றதற்காக வெட்கப்பட்டேன். வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

உன் அப்பாவும் இப்படித்தான் என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வார். வருஷா வருஷம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கத் திருநெல்வேலிப் பக்கம் போவோம், நம்முடைய பழைய அம்பாசிடரில். தம்பானூரைத் தாண்டினால் கோவில் வாசலில்தான் நிறுத்துவேன் என்பது அவருடைய சபதம். கோவிலில் பங்காளிகள் "எப்போ கிளம்பினேள்?" என்று கேட்க வேண்டும், இவர் சொல்ல வேண்டும், அவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். அந்தப் பயணமே அதற்குத்தான், சாமியெல்லாம் அப்புறம். வழியில் இருக்கிற பங்க் எதையும் நம்ப மாட்டார். எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் கலக்கிறான் என்பார். அதனால் தெரிந்த பங்க்கில் பிடித்த பெட்ரோல் இரண்டு கேனில் டிக்கியில் ஏறும். புளியோதரைத் தூக்கும் அதற்குப் பக்கத்தில்தான். தின்றுவிட்டு ஏப்பம் விட்டால் பெட்ரோல் வாடை வரும். தண்ணீருக்கு ஒரே ஒரு பித்தளைக் கூஜா, திருகுமூடி போட்டது. மூன்று பேருக்கு ஒரு கூஜாவா என்று கேட்காதே. நாலு பேர். முதல் ஆள் ரேடியேட்டர்.

களியக்காவிளை தாண்டியதும் வண்டி சூடாகும். அதற்கு மட்டும் சபதத்தில் விலக்கு உண்டு. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறப்பார். கூஜாவைச் சாய்த்து ஊற்றுவது உன் வேலை. ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவாய், அவர் முதுகில் தட்டிக்கொடுப்பார். பிறகு இரண்டு பேரும் ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வருவீர்கள். நான் கதவைத் திறந்தால், "நீ எங்கேடி இறங்கறே? நாலு பேர் பாக்கற ரோடு. உக்காரு" என்பார். மிச்சத் தண்ணீரில் அவர் குடிப்பார், வண்டி ஓட்டுகிறவராம். நீ குடிப்பாய், குழந்தையாம். நான் கை நீட்டினால் அதற்கென்று ஒரு வசனம் வைத்திருந்தார்: "வண்டிக்குத் தாகம் எடுத்தா நடுவழியிலே நின்னுடும். நோக்குத் தாகம் எடுத்தா என்ன, கொஞ்ச நாழி வாயை மூடிண்டு வருவே, அவ்வளவுதானே?" நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இந்த ஊரில் எந்தத் தெருவுக்கு எத்தனை நேரம் தண்ணீர் திறந்துவிடலாம் என்று ஆபீசில் தினமும் கையெழுத்துப் போட்டவள் நான். ஊருக்கெல்லாம் குழாய், எனக்கு வறண்ட நாக்கு.

நீ ஒன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் வைக்கிறவள் என்பதால் புதுப் பட்டுப்புடவை, மாம்பழ நிறம். காலையில் காய்ச்சலுக்கு மாத்திரை போட ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டேன். நான் செய்த குற்றம் அதுதான். மார்த்தாண்டத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "நாகர்கோவில் வரட்டும்" என்றார். நாகர்கோவிலில் கேட்டேன். "இங்கே ஒரே கூட்டம். ஆரல்வாய்மொழி வரட்டும்." ஆரல்வாய்மொழியில் காற்றும் மணலுமாக இருக்கிறது என்றார். முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஏன்னா, முடியலைன்னா, ஒரே ஒரு நிமிஷம் நிறுத்துங்கோளேன்" என்று கெஞ்சினேன். "ஒருதரம் நிறுத்தினா நிறுத்திண்டே இருக்கணும்" என்றார். பணகுடி தாண்டி ரோட்டில் ஒரு பள்ளம். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி ஒரு குதி குதித்தது. முன் சீட்டில் மண்டியிட்டுப் பின்னால் பார்த்துக்கொண்டு வந்த நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாய்: "அப்பா! அம்மா ஒண்ணுக்குப் போயிட்டா!"

அப்போதுதான் வண்டி நின்றது. நான் கெஞ்சி நிற்காத வண்டி, சீட் நனைந்ததும் நின்றது. கூஜாவை எடுத்தார். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. அத்தனையையும் ஊற்றி சீட்டைக் கழுவினார். என்மேல் ஊற்ற ஒரு கை தண்ணீர் மிச்சம் வைக்கவில்லை. கோவில் வாசலில், "இந்தப் புடவையோட உள்ளே வந்துடாதே" என்று சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதில் உன் அத்தை பொங்கல் வைத்தாள். பிரசாத இலையை எடுத்துக்கொண்டு நீ கார் வரைக்கும் வந்தாய், ஜன்னலை எட்டினாய், "நாத்தம்!" என்று சொல்லிவிட்டு இலையோடு திரும்பி ஓடினாய். சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று இத்தனை வருஷம் உனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். உன் படத்தைப் பார்த்த பிறகு அந்த வக்கீல் வேலையை விட்டுவிட்டேன். தாயைப் போல பிள்ளை என்பார்கள். நீ அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன்.

அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் நான் தண்ணீர் குடித்ததில்லை. முந்தின நாள் சாயங்காலமே நிறுத்திவிடுவேன். கல்யாணம், சாவு, உன்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டது, எல்லாவற்றுக்கும் வறண்ட வாயோடு போய் வறண்ட வாயோடு திரும்பினேன். உறவுக்காரர்கள் சர்டிபிகேட் கொடுத்தார்கள்: "மாமிக்குத் தாகமே எடுக்காது, என்ன பொறுமை பாரு!" நீ என்னை அவ்வப்போது ஸ்கானுக்குக் கூட்டிப்போகிறாயே, ஒரு சிறுநீரகம் சுருங்கிப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, "சர்க்கரைகூட இல்லையே, அம்மாவுக்கு எப்படி டாக்டர் இது?" என்று கவலையாகக் கேட்டாயே, திரும்பத் திரும்ப இன்ஃபெக்ஷன் வந்திருக்கிறது என்று அவர் சொன்னாரே. ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாய். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டேன். காரில் இருந்தோம் இல்லையா.

அம்மா பாவம் என்று தோன்ற ஆரம்பித்திருந்தால் அதையும் நிறுத்திக்கொள். உன் அப்பாவின் கடைசி நாட்களை நினைத்துப் பார். இதயம் தளர்ந்து, காலில் நீர் கோத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். அளந்து கொடுப்பது என் தொழில், ஸ்பூனால் கொடுத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் ஜலம் தாடி, ஒரே வாய்" என்பார். நான் குனிந்து அவர் காதோடு சொல்வேன்: "ஆரல்வாய்மொழி வரட்டும்." அவருக்குப் புரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அது அளவில் சேராது. நீ வாசலில் நின்றுகொண்டு நர்ஸிடம், "அம்மா எத்தர நல்லபோலே நோக்குன்னு, கண்டோ" என்று மெச்சிக்கொண்டிருந்தாய். ஆமாம், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதில் ஒரு ஸ்பூன் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லச் சொல்லி எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அது என் கைமருந்து. அதற்காக நான் வருந்தவில்லை, ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெடவில்லை.

இவ்வளவையும் என்னோடு எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை புது வண்டியை ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு போனக்காடு எஸ்டேட்டுக்குப் போனாயே, அதுதான் கெடுத்தது. பின் சீட்டில் நானும் வித்யாவும். நெடுமங்காடு தாண்டியதும் அவள், "எங்கேயாவது ஒரு நிமிஷம் நிறுத்தறியா?" என்று மெதுவாகக் கேட்டாள். "வித்துரா வரட்டும், கேட்டோ" என்றாய். என் கை தானாக முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டது. வித்துரா வந்தது. சந்தை நாள், வண்டி போட இடமில்லை. "மேலே எஸ்டேட்டிலே நோக்கலாம்" என்று மிதித்தாய். அப்போது வித்யா பாட்டிலைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். "அம்மா, கொறச்சு ஜலம் குடிக்கறேளா?" என்றாள். "வேண்டாம் குட்டி, வண்டி நிக்காது" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் வாய்க்குக் கொண்டுபோன பாட்டிலை இறக்கி, மூடியைத் திருகி, காலடியில் வைத்துவிட்டாள். எனக்குப் பல வருஷம் பிடித்த பாடம் அவளுக்கு அந்த ஒரு வளைவில் முடிந்துவிட்டது. சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்.

எஸ்டேட்டில் அந்த மூடிக் கிடக்கிற தேயிலை ஃபாக்டரிக்கு எதிரே வண்டியை நிறுத்தி நீ படம் எடுத்துக்கொண்டிருந்தாய். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கதவு திறந்து, கதவு மூடி. அந்த நேரத்தில் உன் மனைவி தொழிலாளர் குடியிருப்பில் ஒரு கதவைத் தட்டி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "அக்கா, உங்க பாத்ரூம் கொஞ்சம்..." என்று கேட்டுக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன். அவள் காது மடல் சிவந்திருந்தது. உள்ளே போன இரண்டாவது நிமிஷம் நீ ஹார்ன் அடித்தாய். வந்து ஏறியதும் "எந்தா இத்தர நேரம்?" என்றாய். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே. அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். பட்டறைக்காரனிடம் இதை மட்டும் படித்துக் காட்டு, மற்றதைக் காட்ட உனக்குத் தைரியம் வராது. கூரையில் படுக்கை, துணி தவிர ஒன்றும் ஏறக்கூடாது. தண்ணீர் எண்பது லிட்டர். ஒரே டாங்கியாக வேண்டாம். பாதி காலியான பெரிய டாங்கியில் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாக ஓடி வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். நாலு கேனாக, கட்டிலுக்குக் கீழே, தரையோடு தரையாக, பின் அச்சுக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் சமமாக. ஒன்று ஒழுகினாலும், ஒன்றில் கெட்ட தண்ணீர் பிடித்துவிட்டாலும் மற்றவை மிஞ்சும். மலைமேல் குளிரில் தண்ணீர் உறையும், கழுத்துவரை நிரப்பினால் கேன் வெடிக்கும். டீசலுக்கு இருபது லிட்டர் கேன் இரண்டு போதும். அவை வெளியே, பக்கவாட்டில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், இரும்புக் கூட்டுக்குள், பெல்ட் போட்டு. தூங்குகிற இடத்துக்குள் டீசல் ஒரு சொட்டு வரக்கூடாது. இரண்டுக்கும் ஒரே புனலை வைத்துக்கொள்ளாதே. மொத்தத்தில் எடை கூடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, டீசல் அதைவிட லேசு. கூடுகிற எடைக்கு உன் மடக்கு மேஜையையும் டிரோனையும் காப்பி மெஷினையும் இறக்கு. நான்காவது சிவப்பு இருந்த மூலைக்கு அவளுடைய பெட்டி திரும்பி வரட்டும், சுற்றித் திரையோடு.

இதை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. நீ பட்டறையிலிருந்து வருவதற்கு முன்னால் வித்யாவை உட்காரவைத்து, மேலே எழுதியது அத்தனையையும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். மாமியார் செய்கிற வேலையா இது என்று உன் அத்தை கேட்பாள். கேட்கட்டும். வித்யா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "அம்மா, கல்யாணமான புதுசுலே அப்பா எப்படி இருந்தார்?" "உன் ஆத்துக்காரன் மாதிரியே. ரொம்ப நல்லவர்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. நீயும் நல்லவன்தான். குடிக்க மாட்டாய், கை நீட்ட மாட்டாய், அவள் பிறந்தநாளை மறக்க மாட்டாய். அப்படிப்பட்டவன் ஓட்டுகிற வண்டியிலிருந்து இறங்கத்தான் ஒருத்திக்கு மனசு வராது. எனக்கு வரவில்லை.

அவள் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து, நின்றபடியே, முழுவதையும் குடித்தாள். பிறகு அறைக்குள் போய்ப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். துணியை உள்ளே வைக்கிறாளா வெளியே எடுக்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. நான் எட்டிப் பார்க்கப்போவதும் இல்லை. திங்கட்கிழமை அவள் வண்டியில் ஏறினால், அவள் சொல்கிற இடத்தில் நிறுத்து. கூட்டமாக இருந்தாலும் நிறுத்து, காற்றாக இருந்தாலும் நிறுத்து. ஏறவில்லை என்றால் என்னிடம் வந்து அழாதே. படத்தைத் திருத்திக்கொள். வித்யாவின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. டீசல் தண்ணீரைவிட லேசு என்று சொன்னேனே, அவள் உட்கார்கிற இடத்தில் அறுபது லிட்டர் தாராளமாக ஏற்றலாம்.